ஸ்டீயரிங் வட்டத்தை எடுத்துவிட்டு ஜாய்ஸ்டிக் வைத்தால் என்ன?

மார்ச் 2, காலை 7.40 (வாசகர் கேள்வி)

நூற்றைம்பது பேரைச் சுமந்து பறக்கும் விமானத்தை ஒரு விமானி இருக்கையின் ஓரத்தில் உள்ள சிறு குச்சியால் ஓட்டுகிறார். மண் அள்ளும் இயந்திரங்களும் குச்சியால்தான் இயங்குகின்றன. காரில் மட்டும் நெஞ்சுக்கு நேராக ஒரு பெரிய வட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த அமைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்குக்கு மாறுவதில் என்ன தடை? பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 2, இரவு 9.15

பழக்கம் மட்டும் காரணம் இல்லை. வட்டம் பழையது, குச்சி புதியது என்ற வரிசையே தலைகீழானது. கார் பிறந்தபோது அதில் இருந்தது குச்சிதான். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் படகின் சுக்கான்பிடி போன்ற ஒரு கைப்பிடி இருந்தது. அக்காலத்து வண்டிகள் பலவும் அப்படித்தான் ஓடின. 1894இல் பாரிசிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வஷெரோன் என்பவர் தம் பான்ஹார்டு காரில் வட்டமான ஸ்டீயரிங்கைப் பொருத்திக்கொண்டு வந்தார். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மற்றவர்களும் அதற்கு மாறத் தொடங்கினார்கள். கைப்பிடி ஏன் தோற்றது என்பதை அந்த வண்டிகளைப் பார்த்தாலே ஊகிக்கலாம். எஞ்சின் முன்னால் வந்து முன்சக்கரங்களின் மேல் பாரம் ஏறியது, வேகமும் கூடியது. சக்கரம் ஒரு கல்லில் இடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கைப்பிடியின் வழியாகக் கைக்கு வந்தது. வட்டம் வந்தபோது இடையில் பல்சக்கரங்கள் வைக்க இடம் கிடைத்தது. கை நிறைய நகர, சக்கரம் கொஞ்சமாகத் திரும்பியது.

எனவே எதிர்காலத்துக்கு உரியது என்று இன்று காட்டப்படுவது, காருலகம் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்துக் கைவிட்ட அமைப்பு. என் விடை: காருக்கு ஜாய்ஸ்டிக் ஆகாது.

மார்ச் 3, இரவு 10.05

"கை நிறைய நகர, சக்கரம் கொஞ்சமாகத் திரும்பியது" என்று நேற்று ஒரே வரியில் கடந்துவிட்டேன். விவாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதால் கணக்காகவே போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சாதாரணக் காரில் ஸ்டீயரிங்கை ஏறத்தாழ 15 பாகை திருப்பினால் முன்சக்கரங்கள் 1 பாகை திரும்பும். முன்சக்கரங்கள் இருபுறமும் 36 பாகை வரை திரும்பும் என்று கொண்டால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்ல ஸ்டீயரிங்கை மூன்று முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். வட்டத்தின் ஆரம் 19 சென்டிமீட்டர் என்றால், சக்கரத்தை 1 பாகை திருப்ப நம் கை வட்டத்தின் விளிம்பில் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. இப்போது அதே காரில் 12 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜாய்ஸ்டிக்கை வைத்து, அது இருபுறமும் 25 பாகை சாயும்படி அமைத்து, அந்தச் சாய்வு முழுவதையும் சக்கரத்தின் 36 பாகைக்கு நேராகப் பகிர்ந்துகொடுப்போம். சக்கரத்தை 1 பாகை திருப்பக் குச்சியின் நுனி நகர வேண்டிய தூரம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் எங்கே, ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே. முப்பது மடங்குக்கும் மேலான வேறுபாடு இது.

அந்த 1 பாகை அற்பமானது என்று எண்ண வேண்டாம். அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர் உள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது சக்கரம் 1 பாகை திரும்பினால், அது 155 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நுழைகிறது. அந்த வேகத்தில் அதன் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி. உள்ளே அமர்ந்திருப்பவர்கள் கதவோடு சாய்ந்துவிடுவார்கள். தும்மினால்கூடக் கை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அசையும்.

மார்ச் 4, காலை 6.30

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். டயர் ஒரு தண்டவாளத்தின் மேல் உருளுவதைப்போல, தான் நோக்கும் திசையிலேயே செல்லும் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். வேகத்தில் திரும்பும்போது டயரின் ரப்பர் நெளிந்து, வண்டி அது நோக்கும் திசையிலிருந்து சற்று விலகியே செல்கிறது. பெரும்பாலான கார்கள் கேட்டதைவிடக் குறைவாகத் திரும்பும்படியே அமைக்கப்படுகின்றன. அதைச் சேர்த்துக்கொண்டால் 100 கிலோமீட்டர் வேகத்தில் நான் சொன்ன முடுக்கம் பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ குறையும். ஆனால் குச்சிக்கும் வட்டத்துக்கும் உள்ள முப்பது மடங்கு வேறுபாடு இதனால் சிறிதும் மாறாது.

மார்ச் 5, இரவு 8.50

கேள்வி கேட்ட வாசகர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். குச்சியின் சாய்வைச் சக்கரத்துக்கு நேராகப் பகிர வேண்டும் என்று யார் சொன்னது, வேகத்துக்கு ஏற்ப சாஃப்ட்வேர் அதை மாற்றிக்கொள்ளட்டுமே என்கிறார். வண்டியை நிறுத்தும்போது குச்சியின் முழுச் சாய்வுக்கு 36 பாகை. நெடுஞ்சாலையில் அதே முழுச் சாய்வுக்கு 3 பாகை.

இது நடைமுறையில் இருப்பதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2000ஆம் ஆண்டிலேயே ஹோண்டா தன் எஸ் 2000 காரின் ஒரு வகையில், வேகத்துக்கு ஏற்ப விகிதம் மாறும் ஸ்டீயரிங்கை வைத்தது. 2003இல் பிஎம்டபிள்யூவின் 5 வரிசைக் கார்களில், ஸ்டீயரிங்கையும் சக்கரங்களையும் இணைக்கும் தண்டுக்கு நடுவே ஒரு பல்சக்கரத் தொகுதியையும் மோட்டாரையும் புகுத்தி அதையே செய்தார்கள். அவை இரண்டிலும் தண்டு அறுபடாமல் இருந்தது. 2013இல் வந்த இன்ஃபினிட்டி கியூ 50 காரில் ஸ்டீயரிங்கின் திருப்பம் மின்கம்பி வழியாகச் சென்றது. மின்னணு செயலிழந்தால் ஒரு கிளட்ச் இணைந்து பழைய தண்டே வேலை செய்யும். 2023இன் இறுதியில் விற்பனைக்கு வந்த டெஸ்லாவின் சைபர்டிரக்கில் அந்தத் தண்டும் இல்லை. அதில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்ல ஒரு முழுச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும்.

ஆனால் இவை அனைத்திலும் கை பிடித்திருப்பது குச்சி அல்ல என்பதைக் கவனியுங்கள். தண்டை அறுத்தவர்களும் வட்டத்தையோ, மேலும் கீழும் வெட்டப்பட்ட வட்டத்தையோ விட்டுவிடவில்லை. தண்டை நீக்குவது ஒரு கேள்வி, வட்டத்தை நீக்குவது வேறொரு கேள்வி. இரண்டையும் நாம் இதுவரை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தோம், நானும்தான்.

கணினியில் கார் ஓட்டும் ஒரு சிமுலேட்டரில் விளையாட்டு ஜாய்ஸ்டிக்கை இணைத்து நேற்று மூன்று மணி நேரம் ஓட்டினேன். நேர் பகிர்வில் வைத்தபோது வண்டி 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் பாம்புபோல் நெளியத் தொடங்கி, முதல் வளைவிலேயே தடுப்பில் மோதியது. வேகத்துக்கு ஏற்ப மாறும் பகிர்வை வைத்தபின் நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓட்ட முடிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் தேதிக் கணக்கு குச்சியை முழுவதுமாகத் தோற்கடித்துவிட்டது என்று நான் எண்ணியது தவறு. எனினும் வேகத்திலிருந்து பிரேக் அடித்துக்கொண்டே வளைவில் நுழையும் இடத்தில் ஒரு சங்கடம் இருந்தது. குச்சியை ஒரே நிலையில் பிடித்திருந்தேன். வேகம் குறையக் குறைய அதே சாய்வுக்குச் சக்கரம் தானே கூடுதலாகத் திரும்பிக்கொண்டே போனது. கையை அசைக்காமலேயே வண்டி உள்பக்கம் வெட்டிக்கொண்டு போவது நல்ல உணர்வாக இல்லை.

மார்ச் 6, இரவு 11.20

நாற்காலியில் அசையாமல் அமர்ந்து ஓட்டிய சிமுலேட்டரை வைத்து எதையும் முடிவுசெய்துவிடக் கூடாது. உண்மையான வண்டியில் உடம்பு ஆடுகிறது, உடம்போடு கையும் ஆடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கட்டுமான வேலை ஒன்றில் ஒரு வீல் லோடரை, அதாவது நடுவில் மடங்கித் திரும்பும் மண் அள்ளும் வண்டியை, சில வாரம் ஓட்ட வேண்டியிருந்தது. அதில் ஸ்டீயரிங்கும் இருந்தது. இடது கைப்பிடியின் நுனியில், அதே வேலையைச் செய்யும் ஒரு சிறு லீவரும் இருந்தது. மண்குவியலுக்கும் லாரிக்கும் இடையே நாளெல்லாம் முன்னும் பின்னும் ஓடும்போது அந்த லீவர் தோள்வலியிலிருந்து என்னைக் காப்பாற்றியது. ஆனால் பள்ளமான பாதையில் சற்று வேகமாகத் திரும்பும்போதெல்லாம் கை என்னை அறியாமல் ஸ்டீயரிங்குக்குத் தாவிவிடும். ஏன் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது எண்ணினால் காரணம் தெளிவாகிறது.

ஸ்டீயரிங்கை இரு பக்கமும் நடு உயரத்தில் பிடித்திருக்கிறோம். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது உடம்பும் கைகளும் வலப்பக்கம் தள்ளப்படுகின்றன. அந்தத் தள்ளல் வட்டத்தின் மையத்தை நோக்கியோ, மையத்திலிருந்து வெளியேயோ செல்கிறது. வட்டத்தைச் சுற்றும் திசையில் அது செயல்படுவதில்லை. மேலும் கீழும் குலுங்கும்போது இரு கைகளும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. ஆக, உடம்பின் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் போய்விடுகிறது. ஜாய்ஸ்டிக்கில் நிலைமை நேர் எதிர். இடம் வலமாகச் சாய்ப்பதே அதற்குக் கட்டளை. வண்டி இடப்பக்கம் திரும்பினால் கை வலப்பக்கம் தள்ளப்படுகிறது, குச்சியும் வலப்பக்கம் சாய்கிறது, திருப்பம் குறைகிறது. உடனே கை மீண்டும் இடப்பக்கம் வருகிறது. வண்டி நெளியத் தொடங்குவதற்கு இதுவே போதும்.

வேகத்தையும் பிரேக்கையும் அதே குச்சியில் வைத்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. பின்னால் இழுத்தால் பிரேக் என்று வைத்தால், பிரேக் பிடித்தவுடன் உடம்பு முன்னால் சென்று பிரேக்கை விடுவிக்கும். உடம்பு பின்வந்ததும் மீண்டும் பிடிக்கும். வண்டி விக்கிக்கொண்டே நிற்கும். முன்னால் தள்ளினால் பிரேக் என்று மாற்றி வைத்தால், உடம்பின் எடை பிரேக்கை மேலும் மேலும் அழுத்தும். காலுக்குப் பெடலை ஒதுக்கியவர்கள் கையின் ஆட்டத்தைக் காலின் வேலையிலிருந்து பிரித்துவைத்தார்கள். அதன் அருமை இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

மார்ச் 8, பிற்பகல் 3.00

விமானத்தைப் பற்றி இன்னும் விடை சொல்லவில்லை. விமானிகளுக்குக் குச்சி முதல் நாளிலேயே வசப்பட்டுவிடவில்லை. பக்கவாட்டுக் குச்சியும் மின்கம்பிக் கட்டுப்பாடும் கொண்ட எஃப் 16 போர்விமானத்தின் முதல் மாதிரி, 1974 ஜனவரி 20 அன்று தரையில் வேகமாக ஓடிப் பார்க்கும் சோதனையில் இருந்தது. அன்று பறக்கும் திட்டமே இல்லை. குச்சியின் கட்டளைக்கு விமானம் அளவுக்கு மீறிக் கூர்மையாக எதிர்வினை காட்டியதால் அது இடமும் வலமுமாக ஆடி, வால்பகுதி தரையில் உரசியது. ஓடுபாதையை விட்டு விலகிவிடும் என்று கண்ட விமானி மேலே எழுப்பிவிடுவதே நல்லது என்று முடிவெடுத்து, ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறக்கினார். அந்த முதல் குச்சி அசையவே அசையாது. கையின் அழுத்தத்தை மட்டும் அளக்கும். பிறகு அதற்குச் சிறிதளவு அசைவைக் கொடுத்தார்கள், ஏனென்றால் தான் எவ்வளவு கேட்கிறோம் என்பதை அறியக் கைக்கு அசைவு தேவைப்பட்டது.

ஏர்பஸ் ஏ 320 விமானத்தில் குச்சி அருமையாகப் பொருந்தியது என்பது உண்மை. ஆனால் அங்கே குச்சி கேட்பது வேறு. பக்கவாட்டில் சாய்த்தால் "இந்த வேகத்தில் சாய்ந்துகொண்டே போ" என்று பொருள். விட்டுவிட்டால் விமானம் அந்தச் சாய்விலேயே நிற்கும். நொடிக்கு நொடி திருத்துவது கணினியின் வேலை. காரில் குச்சியை விட்டுவிட்டால் வளைவின் நடுவே சக்கரம் நேராகிவிடும். மேலும், 3.5 மீட்டர் அகலமுள்ள பாதையில் 1.8 மீட்டர் அகலமுள்ள கார் செல்லும்போது இருபுறமும் எஞ்சுவது 85 சென்டிமீட்டர். நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில், அந்த 85 சென்டிமீட்டருக்குள், மணிக்கணக்கில் இருந்தாக வேண்டும். வானத்தில் அப்படிக் கோடு போடப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏ 320, ஏ 330 விமானங்களில் இரு விமானிகளின் குச்சிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஒருவர் குச்சியை இழுத்தால் மற்றவர் கையில் இருப்பது அசையாது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விபத்துக்குப் பிறகு இது பெரிதும் விவாதிக்கப்பட்டது. ஒரு விமானி குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்ததை மற்றவர் அறிவது எளிதாக இல்லை. கார் ஓட்டப் பழகுபவரின் பக்கத்தில் அமர்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். வட்டம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது அவர் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, கை நீட்டினால் பிடித்துத் திருத்தவும் முடிகிறது.

மார்ச் 9, காலை 7.10

நிலவில் ஓடிய வண்டியை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். நல்ல எடுத்துக்காட்டு. 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் கொண்டுசென்ற அந்த வண்டியில் ஸ்டீயரிங்கும் இல்லை, பெடலும் இல்லை. இரு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு கைப்பிடி மட்டும் இருந்தது. முன்னால் தள்ளினால் வேகம், பக்கவாட்டில் சாய்த்தால் திருப்பம், பின்னால் இழுத்தால் பிரேக். காற்றடைத்து விறைத்த உடைக்குள் இருக்கும் கைகளால் வட்டத்தைச் சுற்ற முடியாது என்பதால் அங்கே அது பொருத்தமான தேர்வு. வேகம், மிக அதிகமாகப் போனபோதும், மணிக்கு 18 கிலோமீட்டர். முதல் நாள் பயணத்தில் முன்சக்கரத் திருப்பம் வேலை செய்யாமல் போனது. பின்சக்கரங்களும் தனி மோட்டாரால் திரும்பும்படி அமைத்திருந்ததால் அவற்றை மட்டும் கொண்டே ஓட்டிவிட்டார்கள். மறுநாள் முன்சக்கரமும் சரியாகிவிட்டது. தண்டு இல்லாத வண்டிக்கு இரண்டாவது வழி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

மார்ச் 12, இரவு 10.40

இரண்டாம் தேதி நான் எழுதிய "காருக்கு ஜாய்ஸ்டிக் ஆகாது" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்த வரியைப் படித்த என் பழைய நண்பர் தொலைபேசியில் அழைத்து, "அப்படியானால் நான் பத்து வருடமாக எதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்?" என்று கேட்டார். அவருக்குத் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நோய். கையைத் தோளுக்கு மேல் தூக்க இயலாது, ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுகூடத் திருப்ப இயலாது. ஆனால் விரல்களிலும் மணிக்கட்டிலும் நுட்பமான கட்டுப்பாடு எஞ்சியிருக்கிறது. அவருடைய வேனில் சக்கர நாற்காலியோடு ஏறி அமர்கிறார்; வலக் கையின் கீழ் ஒரு ஜாய்ஸ்டிக். ஜெர்மனியின் பாராவான், சுவிட்சர்லாந்தின் ஜாய்ஸ்டீர் போன்ற அமைப்புகள் இத்தகைய ஓட்டுநர்களுக்காகவே பல ஆண்டுகளாகச் சாலையில் உள்ளன என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், நான் எழுதும்போது அவரை நினைக்கவில்லை. வட்டத்தைச் சுற்றக்கூடிய கை எல்லோருக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பத்து நாள் கணக்குப் போட்டிருக்கிறேன். அது வெறும் சொற்பிழை அன்று, அடிப்படையான தவறு.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு இரண்டு மணி நேரம் பயணம் செய்தேன். நெடுஞ்சாலையில் வண்டி ஒருமுறைகூட நெளியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவருடைய முழங்கையை. முன்கை முழுவதும் வாய்க்கால் போன்ற, அவர் கைக்கென்றே வார்க்கப்பட்ட ஒரு தாங்கியில் படுத்திருந்தது. வண்டி குலுங்கியபோது தாங்கியும் கையும் குச்சியும் ஒன்றாகவே குலுங்கின. குச்சிக்கும் கைக்கும் இடையே வேறுபாடான அசைவு ஏற்படவில்லை. ஆறாம் தேதி நான் விரிவாக எழுதியது, கை அந்தரத்தில் தொங்கினால் மட்டுமே அப்படியே பொருந்தும். கையை வண்டியோடு கட்டிவிட்டால் அதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ஆனால் அதைப் பழக அவருக்குப் பல வாரப் பயிற்சி தேவைப்பட்டது என்பதையும், அந்த அமைப்பு அவருடைய கையின் வலுவுக்கு ஏற்ப அளந்து சரிசெய்யப்பட்டது என்பதையும் அவரே சொன்னார். வேறொருவர் வந்து அமர்ந்து உடனே ஓட்டிவிட முடியாது.

மார்ச் 13, காலை 6.50

லோடர் பற்றியும் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. நாள்தோறும் அதை ஓட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த லீவரைச் சாய்த்தால் வண்டி ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குத் திரும்பி நிற்பதில்லை; சாய்த்திருக்கும் வரை மடங்கிக்கொண்டே போகும், விட்டால் அந்த மடிப்பிலேயே நிற்கும். அவர் சொல்வது சரி. நான் திரும்பும் கோணத்தைக் கேட்கும் குச்சியையும் திரும்பும் வேகத்தைக் கேட்கும் குச்சியையும் ஒன்றாகவே எழுதிவிட்டேன். லோடரில் என் கை ஸ்டீயரிங்குக்குத் தாவியதற்கு உடம்பின் ஆட்டத்தைப் போலவே இதுவும் காரணமாக இருந்திருக்கும். வளைவிலிருந்து நேராக வர, எதிர்ப்பக்கம் சாய்த்து, சரியான நொடியில் விட வேண்டும். மெதுவான வேலையில் அது இயல்பாக வரும், வேகத்தில் வராது.

மார்ச் 16, இரவு 9.30

கைக்கு வரும் செய்தியைப் பற்றி எழுதாமல் இந்த விவாதம் நிறைவடையாது.

கனமழையில் ஒருமுறை வளைவொன்றில் சென்றுகொண்டிருந்தபோது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, வண்டியும் இன்னும் வழுக்கவில்லை. ஆனால் கை அறிந்துகொண்டது, காலும் தானே ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது. அதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. திரும்பும் டயரில் பக்கவாட்டு விசை, தரையைத் தொடும் பகுதியின் நடுவில் செயல்படாமல் சற்றுப் பின்னால் செயல்படுகிறது. அந்த இடைவெளிதான் சக்கரத்தை நேராக்க முயல்கிறது, அதையே நாம் ஸ்டீயரிங்கின் கனமாக உணர்கிறோம். டயரின் பிடி எல்லையை நெருங்கும்போது விசை உச்சத்தை அடைவதற்கு முன்பே அந்த இடைவெளி சுருங்கத் தொடங்குகிறது. அதனால் வழுக்குவதற்குச் சற்று முன்னதாகவே ஸ்டீயரிங் லேசாகிறது. டயர் முன்கூட்டியே அனுப்பும் எச்சரிக்கை அது.

தண்டை அறுத்தால் இந்தச் செய்தியும் அறுந்துபோகிறது. மோட்டார் ஒன்றை வைத்து அதைத் திரும்ப உருவாக்கலாம். இன்றைய மின்கம்பி ஸ்டீயரிங்குகள் அப்படித்தான் செய்கின்றன. குச்சியிலும் மோட்டார் வைக்கலாம். ஆனால் மணிக்கட்டு தாங்கும் விசை சிறியது, அசைவும் சிறியது; அந்தச் சிறிய அளவுக்குள் கனம், லேசு, நடுநிலை ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். என் நண்பரின் குச்சி எதையும் சொல்வதில்லை, வெறும் ஸ்பிரிங்தான். மழையில் எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டேன். "மழையில் மெதுவாகப் போவேன்" என்றார்.

மார்ச் 18, இரவு 8.15

தண்டே இல்லாத வண்டியை நம்பலாமா என்று கேட்டவருக்கு:

ஒருமுறை நான் ஓட்டிய காரில் வளைவின் நடுவே பவர் ஸ்டீயரிங் உதவி நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது, ஆனால் இரு கைகளாலும் முழு வலுவோடு ஒடித்தபோது சக்கரம் திரும்பியது. அந்த இரும்புத் தண்டுக்கு அன்று நான் பட்ட நன்றிக்கடன் இன்றும் தீரவில்லை. தண்டு இல்லாவிட்டால் எவ்வளவு வலுவாக ஒடித்தாலும் பயன் இல்லை; ஆகவே உணரிகள், கணினி, மோட்டார், மின்சாரம் அனைத்துக்கும் மாற்று இருக்க வேண்டும், ஒன்று செத்தாலும் வண்டி தொடர்ந்து திரும்ப வேண்டும். வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையில் ஸ்டீயரிங் இழப்பு மிகக் கடுமையான படியில் வைத்துப் பார்க்கப்படுவது இதனால்தான். ஸ்டீயரிங்குக்கான ஐ.நா. 79ஆவது விதி ஒருகாலத்தில் இயந்திர இணைப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. பிறகு கடுமையான நிபந்தனைகளோடு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. விமானங்கள் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் பறக்கின்றன என்பதால் இதைச் செய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விமானத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்க்க ஆள் இருக்கிறார். பல கார்களின் வயிற்றை ஆண்டுக்கு ஒருமுறைகூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மார்ச் 18, இரவு 8.40

ஒன்று விட்டுப்போனது. நெஞ்சுக்கு நேராகத் தண்டு இருப்பதே ஆபத்து என்று முதல் கேள்வியில் ஒரு குறிப்பு மறைந்திருந்தது. அது உண்மையாக இருந்த காலம் உண்டு. மோதலில் தண்டு ஈட்டிபோல் ஓட்டுநரின் மார்பில் பாய்ந்தது. மோதினால் மடங்கும் தண்டு 1960களில் பரவியது, 1968இலிருந்து அமெரிக்காவில் அதற்கான விதிகளும் வந்தன. இன்று அந்த வட்டத்தின் நடுவே ஏர்பேக் இருக்கிறது. குச்சி வைத்தால் ஏர்பேக்கை முன்பலகைக்கு மாற்ற வேண்டும். பக்கத்து இருக்கைக்கு ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. எனவே இந்த ஒரு விஷயத்தில் குச்சிக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை.

மார்ச் 21, காலை 7.25

இதுவரை யாரும் செய்து பார்க்கவில்லையா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. ஜெனரல் மோட்டார்ஸ் 1958இல் ஃபயர்பேர்ட் 3 என்ற காட்சிக் காரில் ஒற்றைக் குச்சியை வைத்தது. சாப் நிறுவனம் 1992இல் தன் 9000 காரில் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டிப் பார்த்தது. மெர்சிடிஸ் 1996இல் பாரிஸ் கண்காட்சியில் எஃப் 200 காரைப் பக்கவாட்டுக் குச்சிகளோடு காட்டியது. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் முயன்றும் கண்காட்சியைத் தாண்டி விற்பனைக்கு வராததற்குப் பழக்கம் ஒரு காரணம்தான். மேலே எழுதிய மற்றவை அனைத்தையும் அவர்களும் சந்தித்திருப்பார்கள்.

மார்ச் 24, இரவு 9.50

நண்பர் தம் வேனை ஆளில்லாத பெரிய மைதானம் ஒன்றுக்குக் கொண்டுவந்து, சாதாரண இருக்கையை மாட்டி, என்னை ஓட்டச் சொன்னார். பிரேக்கைத் தம் கைக்கு எட்டும்படி தனியாக வைத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

நடை வேகத்தில் அது அற்புதமாக இருந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னோக்கி நுழைப்பதை, மூன்று சுற்றுச் சுற்றி ஒடிக்கும் வேலை எதுவும் இல்லாமல், இரண்டு விரலால் செய்தேன். அதே வேலையை ஸ்டீயரிங்கில் செய்திருந்தால் இரண்டுமுறை முன்னே வந்து சரிசெய்திருப்பேன். ஒரு சாலையிலிருந்து இன்னொரு சாலைக்குள் திரும்புவதுபோல் ஓட்டியபோதும் குறை இல்லை.

மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொட்டதும் வண்டி நெளியத் தொடங்கியது. நான் திருத்தத் திருத்த நெளிவு பெருகியது. நண்பர் பிரேக்கைத் தொடவில்லை. "மணிக்கட்டை விடு, முழங்கையை ஊன்று, வண்டியின் மூக்கைப் பார்க்காதே, தூரத்தில் பார்" என்றார். முழங்கையைத் தாங்கியில் அழுத்தி, பார்வையை மைதானத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனபோது நெளிவு பாதியாகக் குறைந்தது. மூன்றாவது சுற்றில் ஏறத்தாழ நின்றது. ஆனால் அந்தத் தாங்கி அவருடைய கைக்கு வார்க்கப்பட்டது. என் முன்கை அதில் முழுவதும் பதியாததால் வளைவுகளில் கை ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது, அந்த நழுவலைச் சக்கரம் அப்படியே பின்பற்றியது. நான்காவது சுற்றோடு நிறுத்திவிட்டு இறங்கினேன்.

பிறகு அவர் நாற்காலியை உள்ளே ஏற்றிப் பூட்டிக்கொண்டு, என் டயர்த் தடங்கள் புழுதியில் வளைந்து வளைந்து கிடந்த அதே சுற்றில் வண்டியை ஓட்டினார். அவருடைய தடம் என் நெளிவுகள் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு, நடுவே ஒரே சீரான கோடாகப் போனது.